பொய் சொல்லாத மெஷின்

மோதிரம் புதைத்த இடத்தில் குத்தி வைத்திருந்த ஐஸ் குச்சியை ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடியபோதுகூட நெவில் ஆக்ராய்ட் பதறவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்குச் சந்தோஷம்தான்.

"போகட்டும் விடு!" என்று கையைத் தேய்த்துக்கொண்டார். "குச்சி இருந்தா நீ அதையே குத்தமா சொல்லுவே. 'குச்சியைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சான்'னு சங்கம் முழுக்கப் பரப்புவே. இப்போ குச்சியும் இல்ல, அடையாளமும் இல்ல. நானும் மெஷினும்தான்."

டெஸ்மண்ட் பிக்கரிங் தன்னுடைய பழைய மெட்டல் டிடெக்டர் மேல் சாய்ந்தபடி நாய் ஓடிய திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெவில், புதைச்சது யாரு மோதிரம்னு சொன்னே?"

"டோரீனோடது."

"டோரீனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா குடுப்பாளா?"

இருவரும் சாண்ட்ஸ்பி உலோகம் தேடுவோர் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள். நெவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டெஸ்மண்ட் வீடு வீடாகக் கொதிகலன் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். மழை பெய்தாலும் காற்றடித்தாலும் வார இறுதியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உழுத வயலிலோ கடற்கரையிலோ மெஷினின் நுனியில் இருக்கும் வட்டத் தட்டை இடமும் வலமும் வீசிக்கொண்டே நடப்பார்கள். பழைய பொத்தான் ஒன்று கிடைத்தால் போதும், அன்றைக்கு இரண்டு வீட்டிலும் அதே பேச்சுதான்.

நெவில் புது மெஷின் வாங்கிய நாளிலிருந்து அந்த நட்புக்குள் புகைச்சல் ஆரம்பமாகியிருந்தது. 'பல அலைவரிசை' மெஷின் அது. டெஸ்மண்டுடையது ஒற்றை அலைவரிசை.

"ஈர மணல்ல, மெல்லிசான தங்க மோதிரம். அதைக் கண்டுபிடிச்சுக் காட்டு, ஒத்துக்கறேன்," என்று டெஸ்மண்ட் அன்று காலையில் சவால் விட்டிருந்தார். வெள்ளிக்காசை எந்த மெஷினும் கண்டுபிடிக்கும். உப்பு ஊறிய மணலில் மெல்லிய தங்கம் என்பதுதான் பரீட்சை.

நெவில் தன் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார். அது விரலோடு வளர்ந்துவிட்டிருந்தது. சோப்பு போட்டும் வரவில்லை. சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த கிண்ணம் கண்ணில் பட்டது. டோரீன் தண்ணீரில் கை வைக்கும் முன் மோதிரத்தைக் கழற்றி அதில் போடுவது வழக்கம். அவள் அன்று முடியலங்காரத்துக்குப் போயிருந்தாள். அன்றுதான் அவர்களுடைய நாற்பதாம் கல்யாண நாள். மதியத்துக்கு மேல் தேவாலயத்தில் ஆசீர்வாதம். பாதிரியார் முன்னால் நெவில் அந்த மோதிரத்தை மறுபடி அவள் விரலில் போட வேண்டும்.

'பத்து நிமிஷ வேலை. அவள் திரும்புவதற்குள் கிண்ணத்தில் வைத்துவிடலாம்' என்பதுதான் நெவிலின் கணக்கு.

"இப்போ பார்த்துக்கோ," என்று மெஷினை முடுக்கினார். "உன் மெஷின் இருக்கே, அது ஒரே ஒரு அலைவரிசையைத்தான் மண்ணுக்குள்ள அனுப்புது. திரும்பி வர்றதை அப்படியே நம்பிடுது. உப்புத் தண்ணி லேசா மின்சாரத்தைக் கடத்தும். அதுவும் உலோகம் மாதிரியே பதில் சொல்லும். உடனே உன் மெஷின், 'ஐயோ தங்கம், ஐயோ தங்கம்'னு கத்த ஆரம்பிச்சுடும்."

"கத்துறதைக் கேக்கறதும் ஒரு சுகம்தான்யா."

"என்னோடது எல்லா அலைவரிசையையும் ஒண்ணா அனுப்பும். தாழ்ந்தது ஆழமா இறங்கும், பெரிய காசைப் பிடிக்கும். உயர்ந்தது அவ்வளவு ஆழம் போகாது, ஆனா மெல்லிசு மோதிரம், சங்கிலின்னு பொடிசெல்லாம் அதுக்குத்தான் சிக்கும். அப்புறம் வந்த பதிலையெல்லாம் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரே ஆள் விசாரிச்சா ஏமாத்திடலாம். நாலு பேர் தனித்தனியா விசாரிச்சா? உப்பு ஒருத்தன்கிட்ட ஒண்ணு சொல்லும், அடுத்தவன்கிட்ட வேற சொல்லும். மாட்டிக்கும்! இரும்பும் அப்படித்தான். தங்க வேஷம் போட்டாலும் மாட்டிக்கும். பொய்னு தெரிஞ்சா என் மெஷின் வாயே திறக்காது. நிஜம்னா மணி அடிச்ச மாதிரி 'டிங்'!"

"சரி, மணி அடிக்கச் சொல்லு. எனக்கு டீ ஆறுது."

நெவில் தட்டை வீசினார். இடமிருந்து வலம். வலமிருந்து இடம். ஒரு அடி முன்னால். மறுபடி இடமிருந்து வலம்.

மெஷின் வாயைத் திறக்கவில்லை.

"சுருதி சேர்க்குதோ?" என்றார் டெஸ்மண்ட்.

"இந்தப் பக்கமாத்தான் புதைச்சேன். நாலு விரல் ஆழம்கூட இருக்காது." நெவில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார். அங்கேயும் மௌனம். பின்னால் வந்தார். மௌனம். ஹெட்போனைக் கழற்றி உதறி மறுபடி மாட்டிக்கொண்டார்.

டெஸ்மண்டும் தன் மெஷினைத் தூக்கினார். அது ஈர மணலைப் பார்த்ததுமே பன்றிக்குட்டி மாதிரி வீறிட்டது. எங்கே வைத்தாலும் வீறிட்டது. ஆகாயத்தைப் பார்த்துத் தூக்கியபோதுதான் அடங்கியது.

"பரவாயில்ல, மேகத்துல தங்கம் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார் நெவில். சிரிப்பு மட்டும் சரியாக வரவில்லை.

மெஷினின் கூர்மையை உச்சத்துக்கு ஏற்றினார். உடனே 'டிங்'! நெவில் துள்ளிக் குதித்து மண்டியிட்டுத் தோண்டினார். குளிர்பான டப்பாவைத் திறக்கும் வளையம். இன்னொரு 'டிங்'. இன்னொரு வளையம். மெல்லிய தங்கமும் டப்பா வளையமும் எந்த மெஷினின் திரையிலும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். இந்தத் தொழிலில் எல்லோரும் அழுகிற அழுகை அது. கோடை முழுக்க சாண்ட்ஸ்பியில் குடித்தவர்களெல்லாம் அந்த இடத்தில்தான் உட்கார்ந்து குடித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

"இவ்வளவு வளையம் இருக்கே, டோரீனுக்கு விரலுக்கு ஒண்ணா போட்டுடேன்," என்றார் டெஸ்மண்ட்.

"வாயை மூடு. அலை திரும்பியாச்சு."

திரும்பித்தான் இருந்தது. தூரத்தில் சோம்பலாகக் கிடந்த கடல், மெதுவாக எழுந்து அவர்களை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தது.

நெவில் வேறு வழியில்லாமல் சங்கத்துக்குப் போன் போட்டார். கடற்கரையில் யாராவது மோதிரத்தைத் தொலைத்துவிட்டால் சங்கத்தார் ஓடி வந்து இலவசமாகத் தேடிக் கொடுப்பது வழக்கம். தொலைத்தவர் சங்கத்தின் உறுப்பினராகவே இருந்தது இதுதான் முதல் தடவை. அதனால் வழக்கத்தைவிட அதிகம் பேர், வழக்கத்தைவிட அதிக உற்சாகத்தோடு வந்தார்கள்.

"நெவிலா? நெவிலே புதைச்சானா?" என்று படியிறங்கும்போதே ஒருவர் சிரித்தார்.

"பொண்டாட்டி மோதிரத்தை!" என்றார் டெஸ்மண்ட், அடக்க முடியாமல்.

எல்லோரும் ஒரே நேரத்தில் மெஷினை முடுக்கினார்கள். அவ்வளவுதான். பக்கத்து மெஷின் அனுப்புகிற அலையை ஒவ்வொரு மெஷினும் புதையல் என்று நினைத்துக்கொண்டது. பூனைச் சண்டை மாதிரி ஒரே ஊளை. நெவிலின் மெஷின் பேந்தப் பேந்த விழித்து ஏதேதோ எண்களைக் காட்டியது. நாலு சாட்சிகளை விசாரிக்கும் இடத்தில் பக்கத்து வீட்டுச் சாட்சிகளும் புகுந்து கத்தினால் அது என்ன செய்யும்?

"தள்ளி நில்லுங்க! ஒருத்தருக்கு ஒருத்தர் தள்ளி நில்லுங்க!" என்று நெவில் கத்தினார்.

தள்ளி நின்றார்கள். அதைப் பார்த்த விடுமுறைக்காரர்களுக்குப் போலீஸ் எதையோ வளைத்துத் தேடுகிறது என்று தோன்றியது. சிப்ஸ் பொட்டலங்களோடு கூட்டம் கூடியது.

"என்னவாம்?"

"பழங்கால மன்னரோட மோதிரமாம்."

"எந்த மன்னர்?"

"நெவில்னு யாரோ."

மறுநிமிடம் மணல்கோட்டை கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களெல்லாம் மண்வெட்டியோடு இறங்கிவிட்டன. ஒரு தடித்த தகப்பனார் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இடுப்பளவு பள்ளம் ஒன்றை ஆவேசமாக வெட்டிக்கொண்டிருந்தார். நெவில் புதைத்த இடம், புதைக்காத இடம் எல்லாம் ஒன்றாகக் கலந்து குவியல் குவியலாக எழுந்தன.

கடற்கரையைச் சுத்தம் செய்கிற பெவ், வாளியும் கையுமாக வந்து நின்றாள். இடுப்பில் கை வைத்தாள்.

"இது என்ன, கடற்கரையா சுரங்கமா? நெவில், பள்ளம் தோண்டினா மூடணும்கிறது உங்க சங்கத்து விதிதானே? யாராவது விழுந்து காலை உடைச்சுக்கிட்டா நீங்களா தூக்கிட்டுப் போவீங்க?"

சங்கத்தார் முகம் சிவந்துவிட்டது. அவர்களை எது வேண்டுமானாலும் சொல்லலாம், பள்ளத்தை மூடாதவர்கள் என்று மட்டும் சொல்லக்கூடாது. மெஷினைப் போட்டுவிட்டு எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு மூட ஆரம்பித்தார்கள். எந்த மண் எந்தப் பள்ளத்திலிருந்து வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் கரை வழுவழுவென்று ஆகிவிட்டது. தடித்த தகப்பனாரின் பள்ளம் மட்டும் மிச்சம். அவர் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"அழகா மூடிட்டோம் நெவில்!" என்றார் ஒருவர் பெருமையாக.

நெவிலுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

டெஸ்மண்டுக்கே இப்போது இரக்கம் வந்துவிட்டது. பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார். "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. உன் மெஷின்ல இரும்பு வந்தா ஒதுக்கிடச் சொல்லி வெச்சிருக்கே இல்ல? அதை எடுத்துவிடு. எல்லாத்தையும் பேசவிடு. ஒருவேளை..."

நெவில் நிமிர்ந்தார். "ஒருவேளை என்ன? என் பொண்டாட்டி விரல்ல நான் இரும்பையா போட்டேன்? நாலு மாசம் இரட்டை ஷிப்டு பஸ் ஓட்டி வாங்கின தங்கம்யா அது!"

"சரி சரி, தெரியாம சொல்லிட்டேன்."

அப்போதுதான் படிக்கட்டில் டோரீன் தெரிந்தாள். தேவாலயத்துக்கென்று எடுத்து வைத்திருந்த நீலக் கோட்டு, புதிதாகச் சுருட்டிவிட்ட தலைமுடி. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. பிறத்தியார் வீட்டுச் சண்டையை முன்வரிசையில் பார்ப்பது எவ்வளவு சுகம் என்று சாண்ட்ஸ்பிக்குத் தெரியும்.

"நெவில், கிண்ணத்துல இருந்த மோதிரம் எங்கே?"

"கண்ணு, முதல்ல மூச்சு விடு..."

"எங்கே?"

"இங்கேதான் எங்கேயோ இருக்கு." நெவில் கரை முழுவதையும் கையால் காட்டினார். "மெஷினைச் சோதிக்கலாம்னு புதைச்சேன்."

டோரீனின் முகம் வெளுத்தது. ஆனால் அவள் கத்தவில்லை. நெவிலின் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி இழுத்துக்கொண்டு போனாள்.

"அதை அந்த மெஷின்கிட்ட காட்டினியா?"

"காட்டல. நேரா புதைச்சுட்டேன்."

"மெஷின் அதைப் பத்தி என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணுமே சொல்லல. அதானே பிரச்சினை!"

"ஒண்ணுமே சொல்லலியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"வாயே திறக்கல டோரீன்."

டோரீன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டாள். "ரொம்ப நல்ல மெஷின்," என்றாள்.

நெவில் தலையைக் குனிந்துகொண்டார். இவ்வளவு மென்மையான குத்தல் பேச்சை நாற்பது வருஷத்தில் அவர் அவளிடம் கேட்டதில்லை.

"போகுது விடு," என்று அவர் தோளில் இருந்த மணலைத் தட்டிவிட்டாள். "மோதிரம் என்ன மோதிரம். கடல் எடுத்துக்கிட்டுப் போகட்டும். பாதிரியார்கிட்ட நான் பேசிக்கறேன். வா, வீட்டுக்குப் போய் ஒரு டீ குடிக்கலாம்."

நெவில் அவளை நிமிர்ந்து பார்த்தார். என்ன மனசு! திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்தப் பெருந்தன்மைக்கு முன்னால் வெறுங்கையோடு திரும்ப முடியுமா?

"முடியாது!" என்று கத்தினார். "மோதிரம் இல்லாம நான் இந்த இடத்தைவிட்டு அசையமாட்டேன்!"

"நெவில், சொன்னாக் கேளு!"

அவர் கேட்கவில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அலையின் நுனி அவர் பூட்ஸை நக்கியது. எதிரே தடித்த தகப்பனாரின் பள்ளம். கடல் பக்கத்துச் சுவர் சரிந்து அதற்குள் தண்ணீர் ஊற ஆரம்பித்திருந்தது. தகப்பனாரின் மனைவி அவரைக் காதைப் பிடிக்காத குறையாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். தேடாத இடம் என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். நெவில் உள்ளே குதித்தார்.

"எல்லாரும் மெஷினை அணைங்க!" என்று மேலே டெஸ்மண்ட் அதட்டினார். முதல் ஆளாகத் தன்னுடையதை அணைத்தார். கரையே அமைதியானது. அலைச் சத்தம் மட்டும்.

நெவில் தட்டைத் தண்ணீருக்குள் வைத்து வீசினார்.

டிங்!

மறுபக்கத்திலிருந்து வீசினார். டிங்! குறுக்காக வீசினார். டிங்! அதே எண், அசையாத எண். உப்புத் தண்ணீருக்குள் அது ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. எல்லா அலைவரிசையும் ஒரே குரலில் ஒரே சாட்சி சொல்கிறது!

"இருக்கு! இருக்கு டெஸ்மண்ட்! இதைக் கேளுய்யா!"

டெஸ்மண்ட் மண்வெட்டியோடு பக்கத்தில் குதித்தார். இருவரும் முட்டி போட்டு அள்ளினார்கள். அள்ள அள்ளத் தண்ணீர் நிரம்பியது. முழங்கை வரை கையை விட்டு, கறுத்த மணலை ஒரு பிடி வாரி எடுத்தார் நெவில். விரல்களைத் திறந்தார்.

வெயிலில் மஞ்சளாக மின்னியது மோதிரம்.

கரையே கூவியது. யாரோ தொப்பியை வீசினார்கள். தடித்த தகப்பனார், "நான் வெட்டின பள்ளம்! நான் வெட்டினது!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நெவில் மோதிரத்தை அலையில் கழுவி, கண்ணுக்கு அருகே பிடித்தார். உள்பக்கத்துப் பொடி எழுத்துகள் அப்படியே இருந்தன. 'நெவில் – டோரீன்', பக்கத்தில் கல்யாண வருஷம்.

"பல அலைவரிசை!" என்று மெஷினுக்கு ஒரு முத்தம் கொடுத்தார். "என்ன சொல்றே இப்போ?"

"ஒத்துக்கறேன், ஒத்துக்கறேன்," என்றார் டெஸ்மண்ட், மூச்சு வாங்க. பிறகு பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "ஆனா நெவில், நாலு விரல் ஆழம்னு சொன்னே. இது எங்கேயோ பாதாளத்துல இல்ல கிடந்துது?"

"இத்தனை பேர் மிதிச்சா இறங்காதா?"

நெவில் மேலே ஏறி, மணல் ஒட்டிய முழங்காலோடு மனைவி முன் நின்றார். மோதிரத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

டோரீன் அதை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். உள்ளே இருந்த எழுத்தைப் பார்த்தாள். பிறகு, புது நீலக் கோட்டோடு ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இது... இது எங்கே இருந்துது?"

"இதோ, இந்தப் பள்ளத்துலதான். முன்னெல்லாம் கழுதைச் சவாரிக்கு வரிசையில நிப்பாங்களே, அந்த இடம்."

"கழுதைச் சவாரி," என்றாள் டோரீன். வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆமா! கழுதைச் சவாரி!" சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். "இத்தனை வருஷம் கழிச்சு!"

"நாற்பது வருஷம் கண்ணு," என்றார் நெவில்.

அவள் எழுந்து எல்லோர் முன்னாலும் அவரைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். சாண்ட்ஸ்பி கடற்கரையில் அந்த வயதில் யாரும் செய்யாத காரியம். சங்கத்தார் நாகரிகமாகக் கடலைப் பார்த்தார்கள்.

"போடு பார்க்கலாம்," என்றார் நெவில்.

மோதிரம் விரலின் நடுக்கணுவைத் தாண்டவில்லை. திருகிப் பார்த்தார்கள். எச்சில் தொட்டுப் பார்த்தார்கள்.

"காலையிலகூடச் சரியாத்தானே போட்டிருந்தே?" நெவில் தலையைச் சொறிந்தார். "உப்புத் தண்ணியில சுருங்கியிருக்கும்."

"தங்கம் சுருங்குமாய்யா?" என்றார் டெஸ்மண்ட்.

"ஒத்தை அலைவரிசைக்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகுது!"

"விரல்தான் வீங்கியிருக்கு, வெயில் இல்ல?" என்று டோரீன் அவசரமாகச் சொன்னாள். மோதிரத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு மறுகையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நேரமாச்சு, வா. பாதிரியார் காத்துக்கிட்டிருப்பார். எல்லாரும் வாங்க, எல்லாருக்கும் கேக் இருக்கு!"

கூட்டம் ஆரவாரமாகப் படிக்கட்டை நோக்கித் திரும்பியது. நெவில் மெஷினைத் தோளில் சாத்திக்கொண்டு ராஜா மாதிரி முன்னால் நடந்தார். பின்னாலிருந்து பெவ் கூப்பிட்டாள். வாளியைக் குலுக்கிக்கொண்டு, மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"நில்லுங்க கண்ணுங்களா, நில்லுங்க! துருப்பிடிச்ச ஆணியெல்லாம் பொறுக்கறதுக்குக் காந்தம் வெச்சிருக்கேன் இல்ல, அதுல ஒரு கல்யாண மோதிரமும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு, இது யாரோடது?"